இலை பழுக்கும் மாதங்கள்: வாசகர் கேள்விகளும் எமது பதில்களும்

ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு இலையுதிர்காலத்தை எப்படிக் கழிப்பது என்று ரொறன்ரோவிலிருந்தும் சுற்றியுள்ள நகரங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சில கீழே. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

தாங்ஸ்கிவிங் லோங் வீக்கெண்டில் நிறம் பார்க்க அல்கோன்குவின் பூங்காவுக்குப் போக எண்ணியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு மூன்று வயதும் ஐந்து வயதும். போய்வருவது பிரயோசனமா?
*ஒரு தாய், ஸ்காபரோ*

இந்த வயதுப் பிள்ளைகளோடு வேண்டாம். ஸ்காபரோவிலிருந்து பூங்காவின் மேற்கு வாசலுக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம். லோங் வீக்கெண்ட் நெரிசலில் இன்னும் கூடும். வாகன அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுக்காமல் போனால் வாசலோடு திரும்பவும் நேரலாம். இதற்கெல்லாம் மேலே, அங்கே சுகர் மேப்பிள் சிவப்பது வழக்கமாகச் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் ஒக்டோபர் முதல் வாரத்திலும்தான். தாங்ஸ்கிவிங் ஒக்டோபரின் இரண்டாம் திங்கள். அது 12, 13, 14ஆம் திகதி என்று பிந்தி வரும் வருடங்களில் மேப்பிளில் பெரும்பகுதி கொட்டிவிடும், பொப்லர் மரங்களின் மஞ்சள்தான் மிஞ்சும். ஆறு மணி நேரம் இருக்கையில் கட்டுண்டு கிடந்த மூன்று வயதுக்காரருக்குச் சிவப்பும் ஒன்றுதான், மஞ்சளும் ஒன்றுதான்.

ரொறன்ரோவில் நிறம் உச்சத்துக்கு வருவது ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மாதக் கடைசிக்குள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகர்ப்பூங்கா இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிச்சாலைக்கு அருகே தொடங்கும் விஸ்டா பாதை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்க அதில் மரத்தளம் உண்டு. தள்ளுவண்டியை நம்பிப் போகாதீர்கள், வேரும் ஏற்ற இறக்கமும் உள்ள பாதை. இன்னொன்று, அது தேசியப் பூங்கா என்பதால் இலை, காய், கல் எதையும் எடுத்துவர அனுமதி இல்லை. அங்கே பார்க்கவும் படம் எடுக்கவும் மட்டும்தான். பொறுக்குவதை உங்கள் முற்றத்திலோ வீதியோர நடைபாதையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தைவிட நாங்கள் சொல்ல விரும்புவது வேறு. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள மரம் ஒன்றைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். செப்டெம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, கிழமைக்கு ஒருநாள், பத்து நிமிடம் அதே மரத்தடிக்குப் போங்கள். பிள்ளையின் கைக்கு எட்டும் சிறுகிளை ஒன்றில் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டி, அந்தக் கிளையில் உள்ள இலைகளை மட்டும் எண்ணுங்கள். முதல் கிழமை 14 இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பிறகு 14, 13, 9, 3, ஒன்றுமில்லை என்று இறங்கும். கொப்பித் தாளில் கிழமைக்கு ஒரு வரியாக, இலைக்கு ஒரு புள்ளி வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளை வரையும் முதல் வரைபடம் அதுதான். மூன்று வயதுக்காரருக்குத் தண்டை நூலால் சுற்றி அளப்பது போதும். அந்த நூலைத் தன் இடுப்பில் சுற்றிப் பார்த்தால் எது பெரிதென்று அவருக்கே விளங்கும்.

கடைசி இலை விழுந்ததும் போவதை நிறுத்திவிட வேண்டாம். இலைக்காம்பு கழன்ற தழும்புக்கு நேர் மேலே அரிசியளவில் ஒரு மொட்டு இருக்கும். அது அடுத்த வருடத்து இலை, கோடையிலேயே உருவாகி மூடிக் கிடப்பது. மரம் செத்துப்போச்சா என்று கேட்கும் பிள்ளைக்கு அதைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள்.

மரத்தின் பெயர் தெரியாதென்றால் ஒரு சிறு சோதனை. வீதியோர மேப்பிளின் இலைக்காம்பை முறியுங்கள். பால் வடிந்தால் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட நோர்வே மேப்பிள். தெளிந்த நீர் கசிந்தால் அநேகமாக இந்நாட்டு மேப்பிள்களில் ஒன்று. நோர்வே மேப்பிள் பிந்தித்தான் நிறம் மாறும், அதுவும் மஞ்சளாக. அதன் இலைகளில் தார் சொட்டியதுபோலக் கரும்பொட்டுகள் இருந்தால் அது ஒருவகைப் பூஞ்சணம். மரத்துக்குப் பெரிய கேடில்லை, பிள்ளை தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று ஆறு வயது மகன் கேட்கிறான். 'குளிர் வந்தால் மாறும்' என்று சொன்னேன், அவனுக்குப் போதவில்லை. வீட்டில் செய்து காட்ட ஏதாவது உண்டா?
*ஒரு தகப்பன், மார்க்கம்*

மாங்காயிலிருந்து தொடங்குங்கள். பழுக்கும்போது மாங்காயின் பச்சை குறைந்து மஞ்சள் தெரிகிறதல்லவா? இலையிலும் நடப்பது அதேதான். நம் மொழியில் இலையும் 'பழுக்கிறது' என்றே சொல்கிறோம். பொழுது சுருங்கச் சுருங்க மரம் புதிய பச்சையத்தை உண்டாக்குவதை நிறுத்துகிறது, இருப்பதும் சிதைகிறது. கோடை முழுதும் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. அது மறைந்திருந்ததல்ல. இலைக்குள் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து அந்த நேரத்தில்தான் உண்டாகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும் வருடங்களில் சிவப்பு கூடுதலாக இருப்பது அதனால்தான்.

மறைந்திருக்கும் மஞ்சளைக் காட்ட இன்னும் பச்சையாக உள்ள இலைகள் எட்டுப் பத்து வேண்டும். மகன் அவற்றை நகத்தளவு துண்டுகளாகக் கிழிக்கட்டும். சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மருந்துக்கடையில் விற்கும் 70 வீத ரப்பிங் அல்ககோலை இலை மட்டுமட்டாக மூழ்கும் அளவுக்கு நீங்கள் ஊற்றுங்கள். கரண்டிக் காம்பால் நன்றாக நசித்து, வாயைப் பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, குழாயில் வரும் சுடுநீர் நிரப்பிய கிண்ணத்துக்குள் போத்தலை வையுங்கள். நீர் ஆறினால் மாற்றி, அரைமணி நேரம் விடுங்கள். அல்ககோல் கரும்பச்சையானதும் கோப்பி வடிதாளில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நாடா வெட்டி, அதன் நுனி மட்டும் திரவத்தில் தொடும்படி ஒரு பென்சிலில் தொங்கவிடுங்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் நிறம் தாளில் ஏறிப் பிரியும். பச்சைப் பட்டைக்குப் பக்கத்தில் மெல்லிய மஞ்சள் கோடு நிற்கும்.

கோடு வராவிட்டால் அநேகமாக இலையைப் போதிய அளவு நசிக்கவில்லை, அல்லது அல்ககோல் கூடிப்போய் நிறம் வெளிறிவிட்டது. நாடா ஆழமாக மூழ்கினாலும் நிறம் பிரியாமல் மொத்தமாக ஊறும். செந்நிற இலையை வைத்துச் செய்பவர்கள் ஏமாறுவது வழக்கம், சிவப்பு நிறமி தண்ணீரில் கரையும் இனம், இந்த முறையில் நன்றாகப் பிரியாது. அடுப்பையோ மைக்ரோவேவையோ இதற்குப் பாவிக்கவே கூடாது. அல்ககோலின் ஆவி தீப்பிடிக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள்.

புத்தகத்துக்குள் வைத்த இலைகள் சில கறுத்தும் சில சுருண்டும் போயின. என்ன பிழை?
*ஒரு வாசகி, ஏஜாக்ஸ்*

கறுத்தது ஈரத்தால், சுருண்டது தாமதத்தால். பனியும் மழையும் காய்ந்த பின்னேரத்தில் பொறுக்கி, ஓரிரு மணி நேரத்துக்குள் அழுத்த வேண்டும். மினுக்குத்தாள் உள்ள புத்தகம் ஈரத்தை உறிஞ்சாது. பழைய செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். மறுநாள் தாளை ஒருமுறை மாற்றினால் கறுப்பது வெகுவாகக் குறையும். மேப்பிளுக்கு ஒரு கிழமை, பத்து நாள். ஓக் இலை தடிப்பு என்பதால் இன்னும் கொஞ்சம்.

ஒட்டு வேலைக்கு இலை வளைந்து கொடுக்க வேண்டுமானால் மருந்துக்கடைக் கிளிசரின் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து, தட்டையான தட்டில் இலை முழுதும் அமிழும்படி நாலைந்து நாள் விடுங்கள். நிறம் சற்று மங்கும், ஆனால் நொறுங்காது.

மெழுகுத்தாளுக்கிடையில் இலையை வைத்து அயன் பண்ணியும் ஒட்டவில்லை என்று எழுதிய மற்றவர்களுக்கு: நீங்கள் வாங்கியது பார்ச்மென்ட் தாளாக இருக்கும். குசினி அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வரும் பிழை. பார்ச்மென்டில் மெழுகு இல்லை, எவ்வளவு சூடாக்கினாலும் ஒட்டாது. சரியான தாளென்றால் மேலும் கீழும் பழந்துணி போட்டு, நீராவி இல்லாமல் நடுத்தரச் சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி போதும்.

அப்பிள் பறிக்கப் போய், பிள்ளைகள் கண்டபடி பிடுங்கி அரைவாசி வீணானது. பையின் விலையும் குறைவில்லை. ஒழுங்காகச் செய்வது எப்படி?
*நாலு வயது இரட்டையரின் பெற்றோர், பிரம்டன்*

முதல் பிழை பையின் அளவில் நடக்கிறது. தோட்டங்களில் 'பெக்' பை ஏறத்தாழ பத்து இறாத்தல் கொள்ளும். நடுத்தர அப்பிள் இருபத்தைந்து, முப்பது வரும். 'அரை புஷல்' அதன் இரண்டு மடங்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு பெக் பை ஒன்றே தாராளம். பல தோட்டங்களில் நேரம் குறித்த நுழைவுச்சீட்டை அவர்களின் இணையத்தளத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். அன்றைக்கு எந்த இனம் பறிக்கும் பருவத்தில் இருக்கிறது என்றும் அதே தளத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்த பின் நாளைத் தீர்மானியுங்கள்.

ஒன்ராறியோவில் மக்கின்ரோஷ் செப்டெம்பர் முற்பாதியிலேயே தொடங்கிவிடும். இந்த மாகாணத்துச் சொந்தப் பழம் அது. ஜோன் மக்கின்ரோஷ் என்ற விவசாயி 1811இல் டன்டெலா என்ற ஊரில் காடு வெட்டும்போது கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்தது. கையால் நசித்தாலே சாறு வரும், ஆனால் வெளியில் வைத்தால் ஒரு கிழமையில் மாவுபோல் ஆகிவிடும். காலாவும் ஹனிகிரிஸ்பும் செப்டெம்பர் நடுவிலும் பிற்பாதியிலும் வரும். பிள்ளைகளுக்கு இனிப்பும் மொறுமொறுப்பும் வேண்டுமென்றால் அந்தக் கிழமைகள்தான். நோர்தர்ன் ஸ்பை ஒக்டோபர் நடுவில்தான் வரும். புளிப்புக் கூடியது, அவித்தாலும் கரையாமல் நிற்கும், குளிர்சாதனப் பெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும். சட்னிக்கோ மாங்காய்ப் பச்சடி போலச் சமைக்கவோ எங்கள் தெரிவு அதுதான்.

மரத்தில் வெளிப்பக்கத்துப் பழம் முதலில் பழுக்கும், நடுத்தண்டை ஒட்டியது கடைசியில். ஆகவே நாலு வயதுக்காரரை உள்ளே ஏறவிடத் தேவையே இல்லை. அவர் உயரத்துக்கு வெளிக்கிளையில் இருப்பதுதான் நல்ல பழம். சிவப்பை நம்ப வேண்டாம். காம்புக்குழியைச் சுற்றிய அடிநிறம் கரும்பச்சையிலிருந்து இளமஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். ஒன்றைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள், விதை மண்ணிறமானால் அந்த மரத்தில் தாராளமாகப் பறிக்கலாம்.

இனிக் கை வேலை. உள்ளங்கையைப் பழத்தின் கீழ் வைத்து, பழத்தின் அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி மேலே தூக்கி, மெல்லத் திருகினால் காம்போடு கழன்று வரும். கீழ்நோக்கி இழுத்தால் கிளை ஆடிப் பக்கத்துப் பழம் நாலு கொட்டும். அதைவிட நட்டம், காம்போடு ஒட்டிய குறுங்கிளையும் முறியும். அடுத்த வருடத்துப் பூமொட்டு அதில்தான் இருக்கிறது. பறித்ததைப் பைக்குள் எறியாமல் வைக்கப் பழக்குங்கள். கன்றிய பழம் ஒன்று மற்றவற்றையும் கெடுக்கும். நிலத்தில் கிடப்பதை உண்ணக் கொடுக்க வேண்டாம், மிருக எச்சம் பட்டிருக்கலாம். செப்டெம்பர் வெயிலில் விழுந்த பழங்களை மொய்க்கும் குளவிகளும் அங்கேதான் இருக்கும். தோட்டக் கடையில் 'சைடர்' என்ற அப்பிள் சாறு வாங்கும்போது பாஸ்ச்சரைஸ் செய்ததா (சூடாக்கிக் கிருமி நீக்கியதா) என்று போத்தலைப் பாருங்கள். செய்யாதது சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்த பின் நடக்கும் படிப்புத்தான் பெரிது. குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். ஒவ்வொரு முனையிலும் எத்தனை விதை என்று எண்ணச் சொல்லுங்கள். அகன்ற பாத்திரத் தண்ணீரில் அப்பிளையும் உருளைக்கிழங்கையும் போட முதல் எது மிதக்குமென்று கேளுங்கள். அப்பிளின் பருமனில் ஏறத்தாழக் கால்வாசி காற்று, ஆகவே அது மிதக்கும். நாலு துண்டு வெட்டி ஒன்றைச் சும்மாவும், மற்றவற்றைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், தேசிக்காய்ச்சாறு ஆகியவற்றில் தோய்த்தும் வைத்து அரைமணி கழித்துப் பார்த்தால், எது கறுத்தது எது கறுக்கவில்லை என்பதை இரட்டையர் தாங்களே சொல்வார்கள். வெட்டுவாயில் காற்றுப் பட்டால் பழத்திலுள்ள நொதியம் வேலை செய்து நிறத்தை மாற்றுகிறது, புளிப்பு அதைத் தடுக்கிறது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அவிக்காத அப்பிளைக் கட்டியாக வெட்டிக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். துருவியோ அவித்தோ கொடுங்கள். அப்பிள் பையைக் கரட்டுக்கும் கீரைக்கும் பக்கத்தில் வைக்கக்கூடாது. அப்பிள் விடும் எத்திலீன் வாயு கரட்டைக் கைப்பாக்கும், கீரையை மஞ்சளாக்கும்.

போன வருடம் ஆற்றோரம் விளையாடிய மகள் அழகான சிவப்பு இலைகளைச் சேர்த்து வந்தாள். இரண்டாம் நாள் கையிலும் முகத்திலும் கொப்புளம். பொய்சன் ஐவி என்றார் மருத்துவர். இந்த வருடம் உண்ணிக் கதை வேறு பயமுறுத்துகிறது. காட்டுப்பாதைக்கே போகாமல் விடுவதா?
*ஒரு தாய், ஸ்காபரோ*

போங்கள், இரண்டு விடயத்தை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

பொய்சன் ஐவி இலையுதிர்காலத்தில்தான் மிக அழகாக இருக்கும், சிக்கலே அதுதான். பச்சையாக இருக்கும்போது எவரும் திரும்பிப் பார்க்காத செடி, ஒக்டோபரில் செம்மஞ்சளும் சிவப்புமாகப் பிள்ளையைக் கூப்பிடும். அடையாளம் மூன்று சிற்றிலை. பக்கத்து இரண்டும் தண்டோடு ஒட்டி நிற்க, நடுவிலை மட்டும் நீண்ட காம்பில் நிற்கும். கோயிலில் கண்ட வில்வத்தை நினைத்துக்கொண்டால் போதும். பிள்ளைக்கும் 'வில்வம் மாதிரி மூன்றிலை கண்டால் தொடாதே' என்று சொல்லுங்கள், ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்கள். இலை கொட்டிய பின் வெள்ளைக் காய்க்கொத்து நிற்கும், மரத்தில் ஏறிய கொடியென்றால் கயிற்றில் மயிர் முளைத்ததுபோல் வேர்கள் தெரியும். ஐந்து சிற்றிலையோடு வேலிகளில் சிவந்து படரும் வேர்ஜீனியா கிறீப்பர் வேறு செடி.

எரிச்சலைத் தருவது அதன் எண்ணெய். மாமரமும் சேங்கொட்டையும் சேர்ந்த குடும்பம் அது. மாங்காய்ப்பால் பட்டு வாயோரம் புண்ணானவர்களுக்கு இது புதிதல்ல, இங்கே வேகம் பல மடங்கு என்பதுதான் வித்தியாசம். தொட்டது தெரிந்தால் பத்து நிமிடத்துக்குள் சவர்க்காரமும் குளிர்ந்த நீரும் போட்டு, நகக்கண்ணோடு கழுவினால் பெரும்பாலும் தப்பலாம். உடுப்பு, சப்பாத்து நாடா, நாய் மயிர் எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் ஒட்டியிருக்கும், அவற்றையும் கழுவ வேண்டும். கொப்புள நீர் மற்றவர்களுக்குத் தொற்றாது. முகம், கண்ணோரம் என்றால் நீங்கள் செய்ததுபோல் மருத்துவரிடம் போவதே சரி.

உண்ணி: லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறது. கோடையோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த உண்ணிகள் இலையுதிர்காலத்திலும் திரியும், வெப்பம் 4 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்களில்தான் அடங்கும். நீளக்காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, இளநிற உடுப்பு போட்டு, பாதையின் நடுவில் நடத்துங்கள். சருகுக் குவியலில் பாய்ந்து புரளுவதைக் காட்டோரத்தில் வைத்துக்கொள்ளாமல் உங்கள் முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி விரட்டியில் 20 வீத ஐகாரிடின் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லாருக்கும் பாவிக்கலாம். டீட் என்றால் 12 வயது வரை 10 வீதத்துக்கு மேல் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கழுவ முதல் டிரையரில் கடும் சூட்டில் பத்து நிமிடம் சுற்றவிடுங்கள், உண்ணி காய்ந்து சாகும். பிள்ளையைக் குளிக்கவார்க்கும்போது காதின் பின்புறம், மயிர்வரம்பு, பின்னலுக்குள், கமுக்கட்டு, தொப்புள், கவட்டு, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்நுனிக் குறட்டால் தோலோடு அண்டிப் பிடித்து, திருகாமல் நேரே மேலே இழுங்கள். நல்லெண்ணெய் விடுவதும் தீக்குச்சியால் சுடுவதும் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் உண்ணி தன் வயிற்றிலுள்ளதைக் கடிவாய்க்குள் கக்கும் அபாயம் உண்டு. எடுத்ததைச் சின்னப் போத்தலில் போட்டு வையுங்கள். 'ஈ-டிக்' இணையத்தளத்தில் படத்தை ஏற்றினால் என்ன இனம் என்று சொல்வார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒட்டி 24 மணி நேரம் ஆகியிருக்கலாமென்று பட்டால் மருத்துவரைக் கேளுங்கள். தடுப்பு மருந்தென்றால் உண்ணியை எடுத்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மகள் வேலைக்குப் போனால் மூன்று வயதுப் பேரன் என்னோடு. பதினாலாம் மாடி. முழங்கால் வருத்தம், தூரம் நடக்க ஏலாது. ஆங்கிலமும் தெரியாது. நான் அவனுக்கு என்ன படிப்பிக்க?
*ஒரு அம்மம்மா, ஸ்காபரோ*

அம்மா, ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். பேரனுக்கு நீங்கள்தான் கொடுக்கக்கூடியது வேறு. மகள் வேலையால் வரும்போது ஒரு பை நிறைய இலையும் இரண்டு பைன் கூம்பும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இலை ஒன்றுதான், ஆனால் அதன் ஒவ்வொரு வயதுக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. துவாயை விரித்து, பச்சை, அரைப்பழுப்பு, முழுப்பழுப்பு, சருகு என்று வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கொடுங்கள். கசக்கட்டும், முகரட்டும், சருகை நொறுக்கட்டும். 'சரசர', 'மொறுமொறு' என்ற சொற்கள் கையிலிருந்து வாய்க்கு வருவது அப்படித்தான். மறுநாள் அதே இலைகளைச் சின்னதிலிருந்து பெரிதுக்கு அடுக்கச் சொல்லுங்கள். மூன்று இலையோடு தொடங்குங்கள், ஐந்துக்கு மேல் இந்த வயதில் குழம்பிப்போவார்.

எண்ண வைக்க இட்டலித் தட்டு நல்லது. குழிக்கு ஒரு இலை. வாயால் பத்துவரை ஒப்புவிக்கிற பிள்ளைகள் பலருக்கு ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது பிடிபட்டிருக்காது. குழி அதை விளங்கவைக்கும். பூசணி விதை, கொட்டை போன்றவற்றை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கழிவறைத் தாள் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் இந்த வயதில் தொண்டைக்குள்ளும் போகும்.

பைன் கூம்பு இரண்டையும் மேசையில் வைத்து, விரிந்திருப்பதைக் காட்டுங்கள். ஒன்றைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அது மிதந்து எழும்பாமல் மேலே ஒரு பேணியை வையுங்கள். சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் செதில்கள் மூடியிருக்கும். எடுத்துக் காயவிட்டால் ஓரிரு நாளில் மறுபடி விரியும். மழை நாளில் விதை நனையாமல் பொத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. பேரன் அதைத் திரும்பத் திரும்பச் செய்யக் கேட்பார், செய்யவிடுங்கள்.

ஓக் கொட்டைகளைச் சேர்த்து வைத்த பேணிக்குள் வெள்ளைப் புழுக்கள்!
*ஒரு வாசகி, ஏஜாக்ஸ்*

கொட்டைக்குள் முட்டையிட்ட வண்டின் புழு, பயப்பட ஒன்றுமில்லை. பொறுக்கும்போதே ஊசித்துளை உள்ளதை விடுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதை எறிந்து, மற்றதை ஓவன் அடுப்பில் 175 பாகை ஃபாரன்ஹீட்டில் ஒன்றரை மணி நேரம், இடைக்கிடை புரட்டிக் காயவைத்தால் புழுவும் சாகும், பூஞ்சணமும் பிடிக்காது. கோப்பிநிறத்தில் பளபளக்கும் ஹோர்ஸ் செஸ்ட்நட் விதைகளும் அதே பேணியில் இருந்தால் ஒரு சொல்: கடைகளில் வறுத்து விற்கும் செஸ்ட்நட் அல்ல அது, தின்றால் நஞ்சு. தின்னக்கூடியதன் கோது முள்ளம்பன்றிபோல் நெருங்கிய முள்ளோடு இருக்கும். ஹோர்ஸ் செஸ்ட்நட்டின் கோதில் அங்கொன்று இங்கொன்றாகக் கட்டை முள்.

சல்மன் மீன் ஆற்றில் ஏறுவதைக் காட்ட ஆசை. கார் இல்லை.
*ஒரு தகப்பன், ரொறன்ரோ*

ஓல்ட் மில் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் ஹம்பர் ஆறு நடைதூரத்தில். ஆற்றங்கரைப் பாதையில் மேலே போகக் குறுக்கே சிறு தடுப்பணைகள் வரும். அவற்றின் கீழே நின்று பாருங்கள். செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் முற்பகுதி வரை சினூக் சல்மன் ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஏறும். நல்ல மழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் கூடுதலாக ஏறும். புதுவெள்ளத்துக்கு எதிர்த்தேறும் மீனை ஊரில் கண்டவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்ந்த கிழமையில் போய்விட்டு ஒன்றையும் காணவில்லை என்று திரும்புபவர்கள்தான் அதிகம். ஸ்காபரோவில் ஹைலன்ட் கிறீக், மோர்ணிங்சைட் பூங்காப் பக்கம் பார்க்கலாம். கார் கிடைத்தால் போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றின் கோர்பெட் அணை, மீன்கள் ஏறப் படிக்கட்டே கட்டியிருக்கிறார்கள்.

போலரைஸ்ட் கறுப்புக்கண்ணாடி இருந்தால் கொண்டுபோங்கள், நீர்மேல் மினுக்கம் அடங்கி மீன் தெரியும். பிள்ளை அவதியோடு நிற்காமல் இருக்க, ஐந்து நிமிடத்தில் எத்தனை பாய்ச்சல், எத்தனை தரம் வழுக்கி விழுந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். பெண்மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். ஆகவே தண்ணீருக்குள் இறங்கவோ கல்லெறியவோ விடக்கூடாது. முட்டையிட்ட பின் சினூக் செத்துவிடும். கரையில் செத்த மீனும் மணமும் இருக்கும், கேள்வி வரும். முட்டையிட வந்தது, இட்டு முடிந்தது, செத்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்வதே நல்லது. நித்திரை கொள்கிறது என்று சொல்லிவிட்டால் அன்றிரவு படுக்கப்போகப் பயப்படும் பிள்ளைகள் உண்டு.

சினூக் இந்த ஏரியின் மீனல்ல. பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து 1960களின் பிற்பகுதியிலிருந்து விட்டது. இங்கேயே இருந்த அத்திலாந்திக் சல்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் அழிந்துபோக, இப்போது திரும்ப வளர்க்க முயல்கிறார்கள்.

ஹலோவீன் பூசணி வெட்டி நாலே நாளில் பூஞ்சணம். மிச்சத்தைக் கறி வைக்கலாமா?
*ஒரு வாசகர், மிசிசாகா*

வெட்டி வெளியில் வைத்ததைச் சமைக்க வேண்டாம், உணவுக்கழிவுக்கான பச்சைத் தொட்டிக்குள் போடுங்கள். செதுக்கவென்று விற்கும் பெரிய பூசணி எப்படியும் நாரும் தண்ணீரும்தான். கறிக்கு ஒன்றரை, இரண்டு கிலோ நிறையுள்ள, 'பை' (pie) பணியாரம் செய்யவென்று விற்கும் பூசணி வாங்குங்கள். வெட்டாத பூசணி காம்பு முறியாமல் இருந்தால் கிழமைக்கணக்கில் இருக்கும், எனவே காம்பில் பிடித்துத் தூக்காதீர்கள், வெட்டுவதை ஒக்டோபர் 29 வரை தள்ளிப்போடுங்கள். சின்னவர்களுக்குக் கத்தி வேண்டாம். நீங்கள் ஆணியால் சிறுதுளைகள் போட்டுக் கொடுத்தால், கோல்ஃப் ஆணிகளை மரச்சுத்தியலால் அறைவதிலேயே ஒரு மணி நேரம் போகும். ஐந்து வயதுக்காரர் விதையை எண்ணட்டும்: பன்னிரண்டு குழி முட்டைப்பெட்டியில் இரண்டை வெட்டி எறிந்தால் பத்துக் குழி, ஒவ்வொன்றிலும் பத்து விதை, பெட்டி நிரம்பினால் நூறு.

குளிர் உடுப்போடு கார் இருக்கையில் கட்டலாமா? பள்ளிக்கூடத்தில் ஒரு தாய் கூடாது என்கிறார்.
*ஒரு தாய், மார்க்கம்*

அவர் சொல்வது சரி. பஞ்சு நிரம்பிய ஜக்கெட் மோதலில் நசிந்து, பட்டி தளர்ந்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஜக்கெட்டோடு இருத்திப் பட்டியை இறுக்குங்கள். இறுக்கத்தை மாற்றாமல் கழற்றி, ஜக்கெட் இல்லாமல் அதே பட்டியைப் பூட்டுங்கள். தோளருகே பட்டியை விரலால் கிள்ளி மடிக்க முடிந்தால் அந்த ஜக்கெட் இருக்கைக்கு ஆகாது. மெல்லிய கம்பளிச்சட்டையோடு கட்டிவிட்டு, ஜக்கெட்டைப் பட்டிக்கு மேலே முன்புறமாகக் கை நுழைத்துப் போர்த்துவிடுங்கள்.